இடது ஓரத்தில் நின்றவள்

ஜனவரி 5, ஞாயிறு

இந்த டைரி பள்ளிக்கூடத்தில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. வேன் ஓட்டுகிறவனுக்கு டைரியில் எழுத என்ன இருக்கிறது என்று என் தையல் மிஷின் மேல் போட்டுவிட்டுப் போய்விட்டார். பால் கணக்கு எழுதி இதைப் பாழாக்க எனக்கு மனசில்லை. பார்க்கிற படங்களைப் பற்றி எழுதப் போகிறேன். எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்க வருகிறவர்கள் அளவு கொடுக்கிறதுக்கு முன்னாலேயே, “உலகம்மாக்கா, படம் பாத்தீயளா? போலாமா?” என்றுதான் கேட்பார்கள். நான் உதட்டைப் பிதுக்கினால் அந்தப் படத்துக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு தலை போகாது. தென்காசியில் எனக்கென்று இருக்கிற செல்வாக்கு அவ்வளவுதான்.

படத்தின் பேரை மட்டும் எழுதமாட்டேன். இப்போது வைக்கிற பேர் எதுவும் என் வாயில் ஒட்டுவதில்லை. நானாக ஒரு பேர் வைத்துக்கொள்வேன்.

இன்று பார்த்தது மலை பங்களா பேய்ப் படம். முதல் பாதி உடம்புக்குத் தைத்த மாதிரி கச்சிதம். இரண்டாம் பாதி தொளதொள. பேய்க்கு ஒரு முன்கதை, அந்த முன்கதைக்கு ஒரு பாட்டு. எல்லாவற்றையும் பிரித்துத் தைத்தால் நல்ல படம். ஆனால் ஒரு இடம் பிரமாதம். கதாநாயகி கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருக்கிறாள். திரையின் இடது ஓரத்தில் இன்னொருத்தி சும்மா நிற்கிறாள். எப்போது வந்தாள் என்றே தெரியாது. தியேட்டரே அலறியது. நான் முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன். இவர் மட்டும் ஆடவில்லை அசையவில்லை.

“எதுக்குட்டி கத்துதாவ?” என்று என்னிடம் கேட்கிறார்.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன். கண் திரையில் இருந்தது, மனசு எங்கே இருந்தது?

இன்னொரு விஷயமும் எழுதி வைக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு ராத்திரி ஆட்டம்தான். அதுவும் நான் மாசக்கணக்கில் கெஞ்சினால்தான் கூட்டிப்போவார். தீபாவளிக்குப் பிறகு ஞாயிறுதோறும் அவராகவே கிளம்பச் சொல்கிறார். அதுவும் பகல் ஆட்டம். அதுவும் பைக்கை வீட்டில் வைத்துவிட்டு டவுன் பஸ்ஸில். கேட்டால், “ராத்திரி ஆட்டம் பாத்தா தூக்கம் கெடுது” என்கிறார். இந்த மனுஷன் தியேட்டரிலேயே குறட்டை விடுகிற ஆள். எதற்கு இத்தனை அக்கறை?

ஜனவரி 7, செவ்வாய்

வேனின் இடது பக்கத்தில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரைக்கும் கீறல். கேட்டால், “செவரு இடிச்சிட்டு” என்கிறார். சுவர் எழுந்து வந்தா இடிக்கும்?

ஜனவரி 12, ஞாயிறு

ரெண்டு வீட்டுக்காரன் படம். ஒருத்தன் உள்ளூரில் ஒரு குடும்பம், வெளியூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொண்டு இடைவேளை வரைக்கும் ஓடுகிறான். உள்ளூர்ப் பெண்டாட்டிக்கு ஒன்றும் தெரியவில்லையாம். இப்படியும் ஒரு மக்குப் பெண்பிள்ளை இருப்பாளா? சட்டை துவைக்கிறவளுக்குத் தெரியாமல் ஒரு வீட்டில் என்ன நடந்துவிடும்? கதை எழுதினவர் ஒரு நாளாவது துணி துவைத்திருக்க மாட்டார். படத்துக்குப் போக வேண்டாம் என்று தெருவுக்குச் சொல்லியாகிவிட்டது.

இவர் வீட்டுக்கு வரும் வழியில், “கதையை ஒரு தடவை முழுசாச் சொல்லு” என்றார்.

“பக்கத்துல உக்காந்து நீங்களும்தான பாத்தீய?”

“நீ சொன்னா நல்லாருக்கும்.”

போன வாரமும் இதே. அதற்கு முந்தின வாரமும் இதே. படம் பார்க்க வந்த ஆள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்?

அதைவிடப் பெரிய அதிசயம் இன்று நடந்தது. கல்யாணமான மறுநாள் மறுவீட்டுக்குப் போகையில் என்னை பஸ் ஸ்டாண்டில் நிற்க வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கிவிட்ட மனுஷன் இவர். குத்தாலிங்கம் முன்னால், உலகம்மாள் பின்னால் என்பதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். இன்று இருட்டுக்குள் நுழைந்ததும் என்னை முன்னால் விட்டு, தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு படியாக. புதுமாப்பிள்ளை தோற்றான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் ஆம்பளைகள் திடீரென்று ஆசையாக இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு தப்பு இருக்கும் என்று ராசகனியக்கா சொல்லுவாள். பக்கத்து வீட்டுக்காரி, மூன்று தம்பிகளை வளர்த்தவள். அவளுக்குத் தெரியும்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

மதுரையிலிருந்து மகள் பொன்செல்வியும் மருமகனும் வந்திருந்தார்கள். பொங்கல் நன்றாகப் பொங்கியது. சாமி கும்பிட்டுத் திரும்பும்போது இவர் இடது காலால் தண்ணீர்ச் செம்பைத் தட்டி, கோலத்தை மிதித்து, “நடக்குத எடத்துல எவ கொண்டு வச்சா?” என்று என் மேல் பாய்ந்தார். செம்பு வருஷா வருஷம் வைக்கிற இடத்தில்தான் இருந்தது. பொன்செல்வி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஏதோ சந்தேகப்படுகிறாள்.

ஜனவரி 16, வியாழன்

பள்ளிக்கூட லீவு. வண்டிச் சாமான் வாங்கப் போகிறேன் என்று காலையிலேயே திருநெல்வேலிக்குக் கிளம்பிப் போனார். சாயங்காலம் சாமான் இல்லாமல் வந்தார். கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு வந்தார்!

வீட்டுக்குள்ளேயும் கழற்றவில்லை. சாப்பிடும்போது வற்புறுத்திக் கழற்ற வைத்தேன். கருவிழி பெரிதாக, பளபளவென்று இருந்தது. சினிமாவில் காதலைச் சொல்கிற காட்சியில் கதாநாயகியின் கண்ணைக் கிட்டத்தில் காட்டுவார்களே, அப்படி. என்னை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு இருட்டில் இட்லி தின்றார்.

ராசகனியக்காவிடம் சொன்னேன். “அம்பது வயசுல கூலிங்கிளாஸா? ஏட்டி உலகு, அது வெயிலுக்குப் போட்டது இல்ல பாத்துக்க” என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு

தொடர்கொலை போலீஸ் படம். கொலைகாரன் யார் என்று இடைவேளைக்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். ஓரமாக நின்று டீ கொடுக்கிற ஆள் ஒரு படத்தில் நாலு தடவை வந்தால் அவன்தான் கொலைகாரன். இதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத போலீஸுக்கு இரண்டரை மணி நேரம். இவர், “எந்த டீக்காரன்?” என்று கேட்டார். நாலு தடவை வந்தவனை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையாம்.

படத்தை விடு. இடைவேளையில் பாப்கார்ன் வாங்கப் போனார். விளக்கை அணைத்துப் படம் போட்டு வெகு நேரமாகியும் ஆளைக் காணவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எனக்கு மூன்று வரிசை முன்னால் ஒரு பச்சைச் சேலைக்காரி. அவள் பக்கத்தில் இவர்! நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பாப்கார்னை அவள் பக்கம் நீட்டுகிறார். அவள் எடுத்துத் தின்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவள் சிரித்தாள். இவர் தடால் என்று எழுந்தார். வரிசையெல்லாம் தடவித் தடவி, நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தார்.

“எங்க போனீய?”

“கூட்டம்ட்டி.”

பொட்டலத்தில் பாதி காலி. அவள் தின்ற மிச்சத்தை என் மடியில் வைத்தார். நான் ஒன்றையும் தொடவில்லை. அவள் முகத்தைப் பார்க்கலாமென்றால், படம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே போய்விட்டாள்.

ஜனவரி 22, புதன்

பச்சைச் சேலை யாரென்று தெரிந்துவிட்டது.

ராசகனியக்கா காலையில் கடைக்குப் போகும்போது வேனைப் பார்த்திருக்கிறாள். ஆயா மரியசெல்வம் இப்போதெல்லாம் முன்சீட்டில் இவர் பக்கத்தில்தான் உட்காருகிறாளாம். பிள்ளைகளோடு பின்னால் இருக்க வேண்டியவள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இவரிடம் திரும்பி ஏதோ சொல்கிறாளாம். இவர் தலையை ஆட்டுகிறாராம். ஆயாக்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருக்கிற சேலையின் நிறம் பச்சை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

புருஷனை இழந்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவளுக்கு நான்தான் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். அளவு எடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். இன்று முழுக்க ஊசி மூன்று தடவை உடைந்தது.

ஜனவரி 24, வெள்ளி

மரியசெல்வத்தைப் போய்ப் பார்த்தேன். பெண்பிள்ளை விவகாரம் இல்லை. இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

ஜனவரி 25, சனி

நேற்று சாயங்காலம் சண்டைக்கு என்றே தலையை அள்ளி முடிந்துகொண்டு போனேன். கோயில் தெரு முக்கில் மடக்கினேன்.

“நீ எதுக்கு முன்சீட்டுல உக்காருத?” என்று கேட்டேன். வேறு கேள்விகளும் வைத்திருந்தேன். அதற்குள் அவள் அழுதுவிட்டாள்.

“மதினி, நானே ஒங்ககிட்ட வந்து சொல்லிருக்கணும். அண்ணாச்சி சத்தியம் வாங்கிட்டாவ.”

“என்ன சத்தியம்?”

“அண்ணாச்சிக்கு எடது பக்கம் தெரியல மதினி. வலது பக்கமும் ஓரத்துல தெரியல. நேரா மட்டுந்தான் தெரியுதாம். இருட்டுல இன்னும் மோசமாம். ஏதோ கண்ணுக்குள்ள அழுத்தமாம், பொங்கல் லீவுல திருநெல்வேலி டாக்டர் கண்ணுல மருந்து ஊத்திப் பாத்துச் சொன்னாராம். நான் எட்டிப் பாத்து ‘போலாம்’னு சொன்னாத்தான் வண்டிய நகத்துவாவ. போன வாரத்துக்கு முந்தின வாரம் எனக்குக் காய்ச்சல், நான் போவல. அன்னைக்கு ஒரு புள்ள இறங்கி ஓரமா நின்னுருக்கு. வண்டிய எடுத்துட்டாவ. எதிர்வீட்டுக்காரர் சத்தம் போடவும் திருப்பிச் செவத்துல இடிச்சிட்டாவ. புள்ளைக்கு ஒண்ணும் ஆவல. அன்னையிலேருந்து ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல மதினி.”

அவள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போயிருந்தாள். தியேட்டர் பக்கமே போகவில்லை. அதையும் கேட்டேன். கேட்டதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்று நினைத்தேன். யாரிடமும் சொல்லக் கூடாதது, டைரியில் எழுதலாம். இது பெண்பிள்ளை விவகாரமாகவே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அதற்கென்றால் சண்டை போடலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம், காலில் விழ வைக்கலாம். இதற்கு யார் சட்டையைப் பிடிப்பது? பேய் நின்றபோது அலறவில்லை. டீக்காரனைப் பார்க்கவில்லை. செம்பு, கோலம், பகல் ஆட்டம், தோளில் கை. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. ரெண்டு வீட்டுக்காரன் படத்துப் பெண்டாட்டியை மக்கு என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடலாமென்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

மாமனார் மருமகன் சிரிப்புப் படம். சிரித்தார்கள். நான் படம் பார்க்கவில்லை.

இவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். மரியசெல்வம் சொன்னதை நம்ப எனக்கு மனசில்லை. நன்றாக வெளிச்சமான ஒரு கல்யாணக் காட்சி வந்தது. தியேட்டரே பகல் மாதிரி ஆனது. இவர் காதுக்குப் பக்கத்தில் என் கையைத் தூக்கிப் பிடித்தேன். விரலை ஆட்டினேன். வளையல் சத்தம் கேட்காமல் இருக்க மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். இவர் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கையை மெல்ல முன்னால் கொண்டுபோனேன். கன்னத்தைத் தாண்டியது. தெரியவில்லை. கண்ணோரத்துக்கு வந்தது. தெரியவில்லை. மூக்குக்குக் கிட்டத்தில் வந்த பிறகுதான், “என்னட்டி, கொசுவா?” என்றார்.

“ஆமா” என்றேன்.

வழக்கம்போலக் கதை கேட்டார். ஏதோ ஒரு கதையை நானாகச் சொன்னேன். நாளைக்கு லீவு இல்லை. பிள்ளைகள் காத்திருக்கும்.

ஜனவரி 27, திங்கள்

டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். “இன்னைக்கு வண்டி எடுக்காதீய.”

“மரியசெல்வம் சொல்லிட்டாளா?”

“நானே பாத்தேன். கொசு இல்ல, என் கை.”

“பரீட்சை முடியுத மட்டும் ஓட்டிருதேன். அதுக்கு மேல நானே சொல்லிட்டு நின்னுருவேன்” என்றார். “நேரா நல்லாத் தெரியுதுட்டி. வண்டி நேராத்தான போவுது?”

“புள்ளையள் நேராத்தான் நிக்குமா?”

“அதான் அவ பாத்துச் சொல்லுதால்லா?”

“அவளுக்குக் காய்ச்சல் வந்தா?”

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். “எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். இதையும் பிடுங்கிட்டு என்னய வாசல்ல உக்கார வைக்கலாம்னு பாக்கியா?” என்று கத்தினார். திருநீறு பூசினார். சாவியை எடுத்தார். பிடுங்கியிருக்கலாம். என் உசரத்துக்கு அவரிடம் சாவி பிடுங்கினால் தெருவே வேடிக்கை பார்க்கும். நாளைக்கு வேறு சாவி வாங்கிவிடுவார்.

அவர் வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, நான் வீட்டுக்குப் பின்னால் சுற்றி வந்து வேனின் இடது பக்கம் போய் நின்றேன். பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால். பிள்ளைகள் இறங்கி நிற்கிற இடத்தில். சும்மா நின்றேன். வெளிச்சம் வந்துவிட்டது, எதிர்வீட்டு முருங்கைக்காய் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஏறி உட்கார்ந்தார். இடது பக்கக் கண்ணாடியை ஓரக்கண்ணால் பார்த்தார். அந்தக் கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது, என் நீலச் சேலை அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் முகம் மாறவில்லை. வண்டியைக் கிளப்பினார். வண்டி நகர்ந்தது. பின் டயர் என் முந்தானை நுனியை மிதித்து இழுத்தது.

உள்ளங்கையால் தகரத்தில் ஓங்கி அடித்தேன்.

வண்டி குலுங்கி நின்றது. இறங்கிச் சுற்றி வந்தார். டயருக்கடியில் மாட்டியிருக்கும் என் முந்தானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நீ எப்ப வந்த?”

“கண்ணாடிய நீங்க பாக்கும்போதே இங்கதான் நிக்கேன்.”

“சத்தம் குடுக்கக் கூடாதா? பாவி, சத்தம் குடுக்கக் கூடாதா?”

“அஞ்சு வயசுப் புள்ள சத்தம் குடுக்குமா?”

வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். ராசகனியக்கா கோலப்பொடியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் யாரையும் பார்க்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெற்ற அம்மா செத்தபோதுகூட அழாத ஆள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

பள்ளிக்கூடத்துக்கு அவரேதான் போன் செய்தார். “கண்ணு சரியில்ல சார். இனிமே நான் ஓட்டக் கூடாது. வேற வண்டி அனுப்புங்க, புள்ளையள் காத்து நிக்கும்.” அவ்வளவுதான் சொன்னார்.

ஜனவரி 30, வியாழன்

இவர் என்னோடு பேசவில்லை. வேனைப் பள்ளிக்கூடத்து ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். வாசலுக்கு வராமல் ஜன்னலோரம் நின்று, சத்தம் தெரு முனை தாண்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

படத்துக்குப் போகவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே அவராகப் பேசினார். போன பார்வை திரும்ப வராதாம். சொட்டு மருந்து விடாமல் போட்டால் இருக்கிறதைக் காப்பாற்றலாமாம். எத்தனை நாளைக்கு என்று டாக்டரே சொல்லவில்லையாம். பள்ளிக்கூடத்தில் என்ன வேலை தருவார்கள், தருவார்களா என்று தெரியவில்லை. நான் இன்னும் நாலு பிளவுஸ் சேர்த்துத் தைப்பேன்.

“அதுக்கு எதுக்கு வாராவாரம் படம்?” என்று கேட்டேன். விடமாட்டேனே.

“பாக்க முடியுத மட்டும் ஒன்கூட உக்காந்து பாத்துருவோம்னுதான். முன்னால எல்லாம் நீ எவ்வளவு கெஞ்சிருக்க.”

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து ரசம் ஊற்றும்போது அடுத்ததைக் கேட்டேன்.

“அந்தப் பச்சைச் சேலை யாரு?”

“எந்தப் பச்சைச் சேலை?”

“பாப்கார்ன் குடுத்தீயள்லா?”

“அதுவா! நீதான்னு நெனச்சுல்லா உக்காந்தேன். நீட்டுனேன், அவளும் வாங்கித் தின்னுட்டா. அப்புறம் சிரிச்சா பாரு, அது ஒன் சிரிப்பு இல்ல. எனக்கு உசுரே போயிட்டு.”

சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. அவர்தான் தலையில் தட்டினார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ராத்திரி ஆட்டம். மறைக்க ஒன்றுமில்லை என்று ஆன பிறகு பகல் ஆட்டம் எதற்கு? வாசலிலிருந்தே என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அரண்மனைச் சண்டைப் படம். நிறையக் குதிரை, நிறையத் தூசி. ஓரத்தில் நடப்பதை எல்லாம் நான் இவர் காதில் சொல்லிக்கொண்டே வந்தேன். “எடது பக்கம் ஒருத்தன் வில்லோட ஒளிஞ்சிருக்கான். வலது பக்கம் ராணி போறா, கோவமாப் போறா.” பின்வரிசைக்காரர் ஒருவர், “அம்மா, படம் பாக்க விடுங்க” என்றார். இவர் திரும்பி, “அவ சொல்லுததத்தான் சார் நான் பாக்கேன்” என்றார். இடைவேளையில் நானே போய்ப் பாப்கார்ன் வாங்கி வந்தேன்.

திரும்பும்போது வழக்கம்போல, “கதையச் சொல்லு” என்றார். சொல்ல ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது. படம் முழுக்க நான் ஓரத்தைத்தான் பார்த்திருக்கிறேன். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. ராஜா செத்தானா பிழைத்தானா என்றுகூடத் தெரியவில்லை.

“நடுவுல நடந்தத நீங்க சொல்லுங்க” என்றேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். பஸ்ஸிலும் சொன்னார். நன்றாகவே சொல்கிறார், தையல் விடாமல். நாளைக்குத் தெருவில் யாராவது படம் எப்படி என்று கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது பாட்டில் கதாநாயகி கட்டியிருந்த சேலை, அதன் பார்டர், முந்தானையில் இருந்த மாங்காய் டிசைன் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். நேர்ப்பார்வை இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் சந்தேகமாகவும் இருந்தது.